ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு

தன்னம்பிக்கைக் கூட்டங்களில் ஜெயகாந்தன் பெயர் அடிபடாமல் போவது அபூர்வம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். 1972இல் சாகித்திய அகாதெமி விருது, 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடம், 2009இல் பத்மபூஷண். மேடையில் இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் கைதட்டல் வந்துவிடும். பேச்சாளர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டவராக இருந்தால், படிப்புக்குப் பள்ளிக்கூடமே தேவையில்லை என்று ஒரு போடு போட்டுவிட்டு இறங்குவார். தானே முளைத்த சுயம்பு என்ற பட்டமும் கூடவே வரும்.

இந்தக் கதையில் வழக்கமாக விடுபட்டுப்போகும் ஊர் ஒன்று உண்டு. அது விழுப்புரம். அந்த ஊரையும் சேர்த்துக்கொண்டு படித்தால் சுயம்புக் கதை நிற்காது.

ஜெயகாந்தன் 1934 ஏப்ரல் 24 அன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். அப்போது அது தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகரம். பள்ளிக்கூடம் பையனுக்கு ஒட்டவில்லை. விழுப்புரத்தில் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மாமா பொதுவுடைமைக் கருத்துக்காரர். பையனைப் பாரதியின் எழுத்துக்கும் பொதுவுடைமைச் சிந்தனைக்கும் அறிமுகப்படுத்தியது அவர்தான். விழுப்புரம் ரயிலால் வளர்ந்த ஊர். சென்னையிலிருந்து வரும் பாதை இங்கேதான் விருத்தாசலம் பக்கம் ஒன்றாகவும் மயிலாடுதுறை பக்கம் ஒன்றாகவும் பிரியும். காட்பாடிக்கும் புதுச்சேரிக்கும் கிளைகள் போகும். ரயில் போகிற ஊர்களுக்குத் தொழிற்சங்கமும் துண்டறிக்கையும் பின்னாலேயே போன காலம் அது. பள்ளியை விட்ட பையன் விழுப்புரத்தில் தெருவுக்குப் போகவில்லை. புத்தகமும் பேச்சும் இருந்த ஒரு வீட்டுக்குள் போனான்.

பன்னிரண்டு வயதில், 1946இல், சென்னை. கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர் பிறகு கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் ஒண்டிக்கொண்டார். தோழர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, இருப்பதைப் பகிர்ந்துகொண்ட கம்யூன் வாழ்க்கை அது. பையன் அங்கே எல்லோருக்கும் பிள்ளை. கட்சித் தலைவர் ஜீவா அவனுக்குத் தமிழ் கற்பிக்க ஓர் ஆசிரியரையே ஏற்பாடு செய்தார். கட்சி இதழான ‘ஜனசக்தி’யின் அலுவலகத்திலும் அச்சகத்திலும் வேலை. 1949இல் கட்சி தடைசெய்யப்பட்டதும் அந்தக் கூரையும் போனது. தஞ்சாவூரில் ஒரு செருப்புக் கடையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். ‘சரஸ்வதி’ முதலான சிற்றிதழ்களில் அவர் கதைகள் வரத் தொடங்கியது இதற்கெல்லாம் பிறகு.

பள்ளி அவரைக் கைவிட்டது உண்மை. மற்றவர்கள் யாரும் கைவிடவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. மாமா, ஜீவா, சம்பளத்துக்கோ அன்புக்கோ தமிழ் சொல்லிக்கொடுத்த அந்த ஆசிரியர், இரவெல்லாம் வாதம் செய்யும் தோழர்கள், ஒரு அச்சகம். இதற்குச் சுயகல்வி என்று பெயர் வைக்கலாம். ஆனால் இதில் ‘சுயம்’ எவ்வளவு, மற்றவர்கள் எவ்வளவு என்று யாராவது பிரித்துச் சொல்லட்டும் பார்க்கலாம்.

அச்சகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஈய எழுத்துக் காலத்து அச்சகம் தமிழ்நாட்டில் ஒரு தனிக் கல்விக்கூடம். கம்பாசிட்டர் நின்றுகொண்டே வேலை செய்வார். எதிரே சாய்வாக எழுத்துப் பெட்டி, ஏகப்பட்ட அறைகள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் ‘லை’, ‘னை’, ‘றா’ போன்றவற்றுக்கெல்லாம் பழைய வடிவம். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, தனி அறை. இடது கையில் எழுத்தை அடுக்கும் ஸ்டிக்; வலது கை பெட்டியைப் பார்க்காமலேயே எழுத்தை எடுத்து அடுக்கும். அடுக்கியது கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறித் தெரியும். அதை அப்படியே படிக்கப் பழகியவர்தான் தொழில்காரர். ஒரு எழுத்துக்கு ஒரு கை அசைவு. ஒரு கட்டுரையை இப்படிக் கோத்து முடிக்கும்போது அதன் வாக்கியங்கள் எங்கே மூச்சு வாங்குகின்றன, எங்கே தேவையில்லாத சொல் நிற்கிறது என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். தேவையில்லாத சொல் என்றால் தேவையில்லாத உழைப்பு. பிறகு புரூஃப். ஒருவர் மூலப்படியை உரக்க வாசிக்க, இன்னொருவர் அச்சுத்தாளில் கண்ணை ஓட்டிப் பிழை குறிப்பார். வாசிப்பவருக்கு ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதெல்லாம் இலக்கண நூல் இல்லாமலேயே காதில் ஏறிவிடும். அச்சான பிறகு ஈய எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போட வேண்டும். அப்போதும் ஒருமுறை படித்தாக வேண்டும்.

எழுத்தாளர் விந்தன் இந்தப் பெட்டியிலிருந்து எழுத்துக்கு வந்தவர். ம.பொ.சி.யும் அப்படியே. 1906இல் பிறந்த ம.பொ.சி. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டார், வறுமை. பல வேலைகளுக்குப் பிறகு வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ இதழில் அச்சுக் கோத்தார். 1942 போராட்டத்தில் கைதாகி அமராவதிச் சிறையில் இருந்தபோதுதான் சிலப்பதிகாரத்தை ஊன்றிப் படித்தார். வெளியே வந்தவரைத் தமிழ்நாடு ‘சிலம்புச் செல்வர்’ என்று அழைத்தது. 1966இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது வாங்கித் தந்த நூல் ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’. சிறை என்பதைத் துன்பத்தின் இடமாக மட்டுமே நாம் எழுதுகிறோம். உடல்நலத்தைக் குலைத்த இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே ஒரு தொழிலாளிக்கு வெளியே ஒருநாளும் கிடைக்காத ஒன்று கிடைத்தது: அடுப்பெரிய வேண்டுமே என்ற கவலையில்லாத பகல் நேரம். பக்கத்து அறைகளில் படித்த அரசியல் கைதிகள்.

உலகம் முழுக்கத் தானே படித்தவர்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் மாக்சிம் கார்க்கியின் கதையிலும் இப்படிக் கைகொடுத்த ஓர் ஆள் ஒளிந்திருக்கிறார். தாய் தந்தையை இழந்த சிறுவன் வோல்கா நதியில் ஓடும் நீராவிக் கப்பலில் தட்டுக் கழுவப் போனான். அங்கே சமையற்காரர் ஸ்மூரி. அவரிடம் ஒரு பெட்டி நிறையப் புத்தகம். பையனை உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார். பின்னாளில் கசான் பல்கலைக்கழகத்தில் சேர முடியாமல் போன கார்க்கி, தன் சுயசரிதையின் மூன்றாம் பாகத்துக்கு ‘என் பல்கலைக்கழகங்கள்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். ஒருமையில் வைக்காமல் பன்மையில் வைத்ததில் நன்றி இருக்கிறது. ஸ்மூரி பட்டதாரி இல்லை; வெறும் சமையற்காரர். அவருக்குத் தெரிந்த ஒரே கல்விமுறை, ‘படி, கேட்கிறேன்’ என்பது.

தனித்து உட்கார்ந்து தானே படித்தவர்கள் அடியோடு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அப்படிப்பட்டவர்களைத் தேடினால் அவர்கள் பின்னால் பெரும்பாலும் ஒரு ஆள் நிற்கிறார் என்கிறேன். நாம் அந்த ஆளின் பெயரை எழுதிவைப்பதில்லை, அவ்வளவுதான்.

இனி விழுப்புரத்திலிருந்து வடக்கே திண்டிவனம் பக்கம் போவோம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் ஓமந்தூர். அந்த ஊர் விவசாயி ஓ. பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். இன்றைய கணக்கில் முதலமைச்சர். ஓமந்தூராரைக் கோயில் நுழைவுக்கும் தேவதாசி ஒழிப்புக்கும் நேர்மைக்கும் நினைவில் வைத்திருக்கிறோம். படிப்புக்காக அவர் ஆட்சி செய்த இரண்டு காரியங்கள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம்; பின்னால் நின்ற மூளை சீர்காழிக்காரரான நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன். விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அதுதான். வீட்டு வரியோடு நூலக வரியையும் வசூலித்து அதில் நூலகம் நடத்துவது என்ற ஏற்பாடு அதில் உண்டு. இரண்டாவது, 1949இல் பாரதியின் படைப்புரிமையை அரசு வாங்கியது. சில ஆண்டுகளில் அது மக்களுக்கே உரிமையாக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் மலிவாக அச்சிடலாம் என்றானது.

கொஞ்சம் யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. விழுப்புரத்தில் ஒரு பையனுக்கு மாமா தயவால் கிடைத்த பாரதியை எல்லாப் பையன்களுக்கும் கிடைக்க வழிசெய்தது பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் ஆட்சி. அதே மாகாண அரசு, முதலமைச்சர் மாறிய பிறகு அதே 1949இல், அந்தப் பையன் தங்கியிருந்த கட்சியைத் தடை செய்து அவனைத் தஞ்சாவூர் செருப்புக் கடைக்கு அனுப்பியது.

நூலகச் சட்டத்தின் உள்ளே இருந்த எண்ணம் எளிமையானது: மாமா இல்லாத பிள்ளைக்கு அரசு மாமாவாக இருக்கட்டும். அது எந்த அளவுக்கு நடந்தது என்று பார்க்க விழுப்புரம் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1993இல் தென்னார்க்காட்டைப் பிரித்து உருவான மாவட்டம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழகத்தின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதமாக இருந்தபோது விழுப்புரம் 72 சதவீதத்தை ஒட்டி நின்றது. மாநிலத்தின் கடைசி வரிசை மாவட்டங்களில் ஒன்று. கரும்பும் நெல்லும் விளையும், ரயில் சந்திப்பும் நெடுஞ்சாலையும் உள்ள மாவட்டத்துக்கு ஏன் இந்த நிலை என்ற கேள்விக்குப் பாதி விடை சாதியில் இருக்கிறது. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரிலேயே தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த ஊரிலிருந்து எழுத வந்தவர் விழி. பா. இதயவேந்தன். 1991இல் வந்த அவருடைய ‘நந்தனார் தெரு’, தமிழ்த் தலித் சிறுகதையின் தொடக்ககாலத் தொகுப்புகளில் ஒன்று. ஜெயகாந்தனுக்கு விழுப்புரம் திறந்துவைத்த கதவு இந்தத் தெருவுக்கு வெளியே இருந்தது. தெரு தன் கதவைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

இருளர்கள் கதை இன்னும் ஒருபடி கீழே. தமிழகத்தில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்டிருக்கும் ஆறு பிரிவினரில் இவர்களும் உண்டு. திண்டிவனம், மரக்காணம், செஞ்சி வட்டாரங்களில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரப் புறம்போக்கிலும் பத்துப் பதினைந்து குடும்பமாகக் குடியிருப்பவர்கள். ஒரு காலத்தில் பாம்பும் எலியும் பிடித்தவர்கள், பிறகு அரிசி ஆலை, செங்கல் சூளை, கரும்பு வெட்டு. 2011 கணக்கில் தமிழகப் பழங்குடியினர் எழுத்தறிவு 54 சதவீதம்தான்.

சூளையில் படிப்பறிவு என்ன செய்யும் என்பதைப் பார்க்க ஒரு பொருள் போதும்: முன்பணக் கணக்கு நோட்டு. சூளைக்காரரிடமோ மேஸ்திரியிடமோ இருக்கும். திருமணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய முன்பணம் முதல் பக்கத்தில். அதன் கீழே அரிசி, எண்ணெய், காய்ச்சலுக்கு ஊசி என்று பற்று ஏறிக்கொண்டே போகும். அறுத்த கல்லுக்கு உண்டான கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று வரவில் சேர வேண்டும். மழையில் கரைந்த கல் கணக்கில் வராது. சீசன் முடியும்போது நோட்டைப் பார்த்துப் பாக்கி சொல்வார்கள். நோட்டைப் படிக்கத் தெரியாத குடும்பம் தலையாட்டிவிட்டு அடுத்த சீசனுக்கும் அங்கேயே வரும். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் அந்த நோட்டின் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்க்காது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கூட்டல் தெரிந்தால் பார்க்கும். வாசிப்பு ஆளை உயர்த்தும், உள்ளத்தை விரிக்கும் என்றெல்லாம் நாம் பேசுகிறோமே, இங்கே வாசிப்பு முதலில் செய்ய வேண்டிய வேலை இந்த நோட்டைப் படிப்பதுதான். காவல் நிலையத்தில் கைநாட்டு கேட்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அதற்கடுத்த வேலை. எங்கே திருட்டு நடந்தாலும் இருளர் குடியிருப்பில் ஆள் தேடுவது இந்தப் பகுதியில் பழைய வழக்கம்.

திண்டிவனம் அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் பிரபா. கல்விமணி, பலருக்கும் தெரிந்த பெயரில் கல்யாணி, இந்தப் பிரச்சினைக்குள் 1990களில் முழுதாக இறங்கினார். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் ஒருபக்கம். திண்டிவனம் ரோசணையில் தாய்த் தமிழ்ப் பள்ளி இன்னொரு பக்கம். வழக்கும் வகுப்பும் ஒரே வீட்டு வேலையாக நடந்தன என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுவது. பொய் வழக்கில் சிக்கிய தகப்பனை வெளியே கொண்டுவருவதும் அவன் பிள்ளைக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுப்பதும் வேறுவேறு காரியங்கள் இல்லை. தகப்பன் லாக்கப்பில் இருந்தால் பிள்ளை பள்ளிக்கு வராது. 2021இல் இருளர்களைப் பற்றிய ‘ஜெய் பீம்’ படம் வந்த சமயத்தில் நடிகர் சூர்யா தரப்பிலிருந்து இருளர் கல்விக்கென்று ஒரு கோடி ரூபாய் தரப்பட்டபோதுதான் இந்தப் பெயர்கள் திண்டிவனத்துக்கு வெளியே பரவலாகத் தெரிந்தன. வேலை அதற்கு முன்பே பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது.

இருளர் பிள்ளைகளுக்கு இன்னொரு சுவர் சாதிச் சான்றிதழ். மற்ற பிரிவினருக்கு வட்டாட்சியர் தருவதைப் பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். பெற்றோரிடம் சான்று உண்டா, நிலப் பத்திரம் உண்டா என்று விசாரணை நடக்கும். புறம்போக்கில் பிறந்து சூளையில் வளர்ந்தவரிடம் என்ன பத்திரம் இருக்கும்? பத்தாம் வகுப்பு வரை தட்டுத்தடுமாறி வந்த பெண் அந்த ஒரு தாள் இல்லாமல் உதவித்தொகையும் ஒதுக்கீடும் இழந்து நின்றுபோவாள். இடைநிற்றல் என்று புள்ளிவிவரத்தில் ஒரு எண் கூடும். ஜெயகாந்தன் பள்ளியிலிருந்து நின்றதும் இவள் நின்றதும் ஒரே கட்டத்தில் எழுதப்படுகிற எண்கள். மேடைப் பேச்சாளர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அறிவொளி இயக்கத்தை இங்கே குறிப்பிடாமல் போக முடியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எர்ணாகுளம், புதுச்சேரி, புதுக்கோட்டை என்று பரவிய அந்த அலையில், வேலை முடித்து வந்த பெரியவர்கள் மாலையில் தெருவிளக்கடியிலும் கோயில் திண்ணையிலும் உட்கார்ந்து எழுதப் பழகினார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊரிலேயே எட்டாவது பத்தாவது படித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்கள். புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றது தனிக் கதை. மாமா வீட்டுக்கு ஊர்தோறும் ஒரு கிளை போட்டது அறிவொளி என்று வைத்துக்கொள்ளலாம். சில ஆண்டுகளில் அது அடங்கிப்போனது. கற்ற எழுத்தைத் தக்கவைத்துக்கொள்ளப் படிப்பதற்கு ஊரில் ஒன்றும் இல்லாதவர்கள் மறுபடியும் கைநாட்டுக்குத் திரும்பினார்கள்.

கொரோனா காலத்துக்குப் பிறகு அதே கருத்து வேறு உருவில் வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில். தொடங்கிவைக்க இந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தந்தத் தெருப் பெண்களே தன்னார்வலர்கள்; மாலையில் ஒன்றரை மணி நேரம்; ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரை. குறைகள் சொல்ல நிறைய உண்டு, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் எவ்வளவு வேலை வாங்குவது என்பது முதற்குறை. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ‘படி, கேட்கிறேன்’ என்று சொல்வதற்கு அரசே ஒரு ஏற்பாடு செய்தது.

இன்றைக்கு எந்த மாவட்ட மைய நூலகத்தில் நுழைந்தாலும் ஒரு காட்சி நிச்சயம். மேசை முழுக்கப் பாடநூல் கழகத்தின் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான புத்தகங்கள். சுற்றிலும் பட்டம் வாங்கிய இளைஞர்கள், பெண்கள். தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார்கள். பையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில். கதை, கவிதை அலமாரிப் பக்கம் ஆள் கிடையாது. இலக்கியக்காரர்கள் இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருக்கிறேன், இதெல்லாம் வாசிப்பா என்று. எனக்கு அந்த வருத்தம் இல்லை. பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணம் இல்லாமல், வீட்டில் தனி அறையும் இல்லாமல், நூலகத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் இவர்கள்தான் ஓமந்தூரார் காலத்துச் சட்டத்தின் உண்மையான பயனாளிகள். படிக்கும் முறையையும் கவனிக்க வேண்டும். மதியத்துக்கு மேல் வெளியே மரத்தடியில் நாலைந்து பேராகக் கூடி ஒருவர் கேள்வி கேட்க மற்றவர்கள் பதில் சொல்லும் வேலை தொடங்கிவிடும். ஏற்கெனவே வேலையில் சேர்ந்துவிட்ட ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கணக்குச் சொல்லிக்கொடுப்பார். கட்டணம் இல்லை. கம்யூன் என்று அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

அங்கே வராதவர்கள் யார் என்பதுதான் பாக்கிக் கேள்வி. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகக் கட்டடம் எழுந்தது, மாநிலம் முழுக்கப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். பொறுப்பாளருக்குச் சிறு தொகை. பல ஊர்களில் கட்டடம் பூட்டிக் கிடந்தது. திறந்திருந்தாலும் அது ஊர்த்தெருவில் இருக்கும். இருளர் குடியிருப்பு ஏரிக்கரையில். சூளை வேலை தை மாதம் சூடு பிடித்தால் ஆனி வரை. குடும்பம் குடும்பமாகப் போய்விடுவார்கள், பிள்ளைகளும் கூடவே. பள்ளி வருகைப் பதிவேட்டில் அந்த மாதங்கள் வெற்றாக இருக்கும்.

நூலக வரி இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. பட்டா இல்லாத பல குடிசைகளுக்குச் சொத்து வரி கிடையாது, அதனால் நூலக வரியும் கிடையாது. உறுப்பினர் அட்டைக்கும் முகவரி வேண்டும். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார் கனகசபைப் பிள்ளை. தொடங்கிவைத்தவர் அதே ரங்கநாதன். வாசகர் வரவில்லையென்றால் புத்தகம் போக வேண்டும் என்பதற்கு அந்த மாட்டு வண்டியைத் தாண்டிப் புதிய யோசனை எதுவும் தேவையில்லை. சூளைக்கு ஒரு வேன், தையிலிருந்து ஆனி வரை, வாரம் இரண்டு மாலை, கூடவே வாசிப்பதைக் கேட்க ஒரு ஆள். விழுப்புரம் மாவட்டத்தில் வசூலாகும் நூலக வரியில் இதற்கு எவ்வளவு ஆகும் என்று மாவட்ட நூலக ஆணைக்குழு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.